தாம்பூலத்துக்குப் போலீஸ் பர்மிட்

அத்தியாயம் ஒன்பது

குடைவளைவு இன்றைக்கும் இருக்கிறதா என்று போன வாரம் வாசகி ஒருத்தர் என்னை வழிமறித்துக் கேட்டார். சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் கதையை இந்த வாரத்தோடு மூட்டை கட்டிவிட்டு நான் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் அது எப்படி இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். டுரியான் துங்காலிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகிற சாலை, ஆற்றோரமாக ஒரு பெரிய வளைவு எடுக்கும். அந்த வளைவு நெடுக இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். கிளைகள் மேலே போய் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். உச்சி வெயிலிலும் கீழே நிழல்தான். பொழுது சாய்ந்தால் இலையெல்லாம் மூடிக்கொள்ளும். அதனாலேயே மலாய்க்காரர்கள் அதை அஞ்சுமணி மரம் என்பார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் அந்த நிழலுக்குள் நுழைந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுவார்கள். எங்கே அவசரப்படக் கூடாது என்று அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது.

சர்க்காருக்குத்தான் தெரியவில்லை. அது மலாயாவில் வெள்ளைக்காரச் சர்க்கார் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். காட்டுக்குள்ளிருந்து சுடுகிறவர்கள் மறைந்து நிற்க இந்த மரங்கள் வசதி என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். பட்டாள லாரிகள் எதிரெதிரே தாராளமாகப் போக வேண்டுமாம். மரங்களை அறுத்து, சாலையோர வீடுகளை எடுத்து, சாலையை அகலமாக்க ஆள் அனுப்பினார்கள். பி.டபிள்யூ.டி. ஓவர்சியர் நவரட்ணம் தம்புசாமியின் மளிகைக்கடை வாசலிலேயே சிவப்புக் குச்சி நட்டதும், தம்புசாமியின் மகள் கோமளா அவன் காப்பியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டதும், அவன் அதை முகம் சுளிக்காமல் குடித்து முடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நாளை ஜில்லா அதிகாரி டி.ஓ. துரை நேரில் வருகிறார். குடைவளைவுக்காரர்கள் சொல்வதை நாளைக்குச் சொன்னால்தான் உண்டு. அடுத்த நாள் மரம் அறுக்கிறவர்கள் வந்துவிடுவார்கள். என்ன சொல்வது, யார் சொல்வது என்று இன்றைக்கு எல்லாரும் கூடிப் பேசியாக வேண்டும்.

கூடுவதில்தான் வில்லங்கம். நாலு பேருக்கு மேல் சேர்ந்து நின்றாலே போலீசுக்குச் சந்தேகம் வந்துவிடும். பர்மிட் இல்லாமல் கூட்டம் போட்டால் உள்ளே போக வேண்டியதுதான். அந்த நாளில் உள்ளே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று வீட்டுக்காரர்கள் யாரையும் கேட்க முடியாது.

“கூட்டத்துக்குத்தானேப்பா பர்மிட் தர மாட்டாங்க? எனக்கு நிச்சயதார்த்தம்னு கேளுங்க” என்று யோசனை சொன்னவள் கோமளாதான். எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை அதட்டி அதட்டிப் பழகியவள். யாரையும் எதையும் செய்ய வைத்துவிடுவாள்.

மாப்பிள்ளையாக உட்கார வீரப்பன் ஒப்புக்கொண்டான். அவள் அம்மா மீனம்மாவின் அண்ணன் மகன், முறைமாப்பிள்ளை, எஸ்டேட் லாரி டிரைவர். தங்கா பத்துவில் சுசீலா என்று ஒரு பெண்மேல் அவனுக்குக் கண். அதனால் ஆபத்தில்லாத மாப்பிள்ளை. பர்மிட்டும் வந்துவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீனம்மா புளி போட்டுப் பித்தளைத் தட்டுகளைத் தேய்த்த வேகத்தைப் பார்த்தால், தட்டின்மேல்தான் கோபம் என்று நினைக்கத் தோன்றும்.

“தாம்பூலத்த வச்சு வெளையாடுறது நல்லதுக்கில்ல. சொன்னா யாரு கேக்குறா?”

“எல்லாம் பேருக்குத்தான் மீனம்மா” என்றார் தம்புசாமி.

“பேருக்கு என்னங்க பேருக்கு? வெத்தல பாக்குக்கு நீங்க நடிக்கிறது தெரியுமா? ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. கேசரி கிண்டுறேன், வெளக்கு ஏத்துறேன், பாய் போடுறேன். தட்டு மட்டும் மாறக் கூடாது.”

“மாறுனா என்னம்மா? திருப்பிக் குடுத்துடலாம்லே” என்றாள் கோமளா.

“திருப்பிக் குடுத்தா ஊரு என்ன சொல்லும்? பொண்ணுகிட்ட என்ன குறையோன்னு சொல்லும். அதையாவது தாங்கிக்கலாம். வாங்குன தட்டுலேருந்து மாப்பிள்ள ஒரு வெத்தலைய எடுத்து வாயில போட்டுட்டான்னு வையி, அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. எங்க ஆளுங்கள்ல அதுதான் கணக்கு.”

“வீரப்பன் மாமாவுக்கு வெத்தலையே ஆகாது” என்று சிரித்தாள் கோமளா.

மீனம்மா சிரிக்கவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அவள் பாச்சாங்கில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மாட்டுவண்டியில் இங்கே வந்தபோது வழியெல்லாம் அழுதாளாம். தம்புசாமி சமாதானம் சொல்லத் தெரியாமல் மாட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். வண்டி இந்த மரநிழலுக்குள் நுழைந்ததும் அழுகை தானாக நின்றுவிட்டது. ஏன் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தினமும் வாசல் கூட்டும்போது உதிர்ந்த இலைகளைத் திட்டுவாள். அந்த இலை விழாத வாசலை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“சரி, நடக்கட்டும்” என்றாள் கடைசியில். “மரம் நின்னாச் சரி.”

*

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆற்றங்கரைக் கம்போங்கிலிருந்து மலாய்க்காரப் பெரியவர்கள் நல்ல சொங்கோக் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். எஸ்டேட்டிலிருந்து பெண்கள் பூவும் சிரிப்புமாக வந்தார்கள். ரோட்டு ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் நாகமுத்து, பி.டபிள்யூ.டி. தந்த காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்தார். இந்தச் சாலையில் தார் ஊற்றியே தலை நரைத்தவர். தம்புசாமியின் கூட்டாளி.

எல்லாரும் வந்தாயிற்று. மாப்பிள்ளையைத்தான் காணோம்.

“லாரிய ரோட் பிளாக்ல நிறுத்திட்டானுங்களாம். அரிசி மூட்ட ஒண்ணொண்ணா அவுத்துப் பாக்குறானுங்களாம்” என்று யாரோ சேதி கொண்டுவந்தார்கள்.

கோமளா நீலக்கரைப் புடவையில் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் அவன் வந்தான். வீரப்பன் இல்லை, ஓவர்சியர் நவரட்ணம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வியர்வையில் ஒட்டிய முடி. சைக்கிளை மரத்தில் சாய்க்கக்கூட இல்லை, கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“அண்ணை, எல்லாரையும் உடன போகச் சொல்லுங்கோ” என்றான் தம்புசாமியிடம். “ஆரோ ஸ்டேசனில சொல்லிப்போட்டினம், இது நிச்சயதார்த்தமில்ல, கூட்டம் எண்டு. சார்ஜன் வெளிக்கிட்டுட்டார்.”

“நீங்க எதுக்கு வந்து சொல்றீங்க?” என்று கேட்டாள் கோமளா. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அதட்டிப் பழகிய வாய்.

“நீங்கள் எல்லாரும் உள்ளுக்குப் போனா எனக்கு ஆர் காப்பி தாறது?” என்றான் அவன். உடனே, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் செருப்பைப் பார்த்தான்.

யாரும் போக நேரமில்லை. வளைவில் ஜீப் சத்தம் கேட்டுவிட்டது.

நாகமுத்து அந்த நேரத்தில் செய்த காரியத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வேறு யாராயிருந்தாலும் யோசித்திருப்பார்கள். அவர் யோசிக்கவில்லை. நவரட்ணத்தின் தோளைப் பிடித்து அழுத்திப் பாயில் உட்கார வைத்து, ஒரு மல்லிகைச் சரத்தை அவன் கழுத்தில் போட்டுவிட்டார்.

“சும்மா இரு தம்பி. கொஞ்ச நேரந்தான்.”

*

சார்ஜன் மாமுட் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்க் கல்யாணங்களில் சாப்பிட்டே பெரியவரானவர். அவரை ஏமாற்றுவது கஷ்டம்.

“நல்லா இருக்கா தவ்கே?” என்று, முதலாளியைக் கூப்பிடுகிற முறையில், தம்புசாமியிடம் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். விளக்கைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். “மாப்பிள்ளை யாரு-லா?”

நாகமுத்து பாயைக் காட்டினார். சார்ஜன் குனிந்து பார்த்துவிட்டுக் கண்ணை அகலமாக்கினார்.

“ஏ, இது பி.டபிள்யூ.டி. ஓவர்சியர் இல்ல?”

“அவரேதான் துவான்” என்றார் தம்புசாமி. “ரோடு அளக்க வந்தாரு. பொண்ணு புடிச்சுப் போச்சு.”

பெண்கள் பக்கம் குப்பென்று சிரிப்பு எழுந்தது. நவரட்ணத்தின் காதெல்லாம் சிவந்துவிட்டது. உண்மையான மாப்பிள்ளைகூட அவ்வளவு பொருத்தமாக வெட்கப்பட்டிருக்க மாட்டான்.

சார்ஜனும் சிரித்தார். ஆனால் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தட்டு மாத்துங்க. பாத்துட்டுப் போறேன். ரிப்போர்ட் எழுதணும்-லா.”

மீனம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். வாசலில் துப்பாக்கியோடு இரண்டு கான்ஸ்டபிள்கள். உள்ளே ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

“மாப்பிள்ளைக்குப் பெரியவங்க யாரு?” என்று கேட்டார் சார்ஜன்.

“நான்தான்” என்று முன்னால் வந்தார் நாகமுத்து. “அம்மா அப்பா டவுன்ல இருக்காங்க, வர முடியல. நானும் அவரும் ஒரே ரோட்டுல வேல செய்யிறவங்க. மாமன் முறைன்னு வச்சுக்குங்களேன்.”

தட்டு மாறியது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், பூ. தம்புசாமி கொடுக்க நாகமுத்து வாங்கினார். நாகமுத்து கொடுக்க தம்புசாமி வாங்கினார். எஸ்டேட்டுப் பெண்கள் பழக்கத்தில் குலவை போட்டுவிட்டார்கள். குலவைச் சத்தம் கேட்டதும் மீனம்மாவின் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை அது. இருப்பது ஒரே மகள்.

கோமளா நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். பார்த்துவிட்டாள். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சார்ஜன் கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “என் வைஃபுக்கும் கொஞ்சம் கட்டிக் குடுங்க” என்று பொட்டலமும் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

*

ஜீப் போன பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. இனிப் பேசலாம். ஆளாளுக்குப் பேசினார்கள். நிழலைப் பற்றிச் சொல்லலாம் என்றார் ஒருவர். டி.ஓ.வுக்கு நிழல் எதுக்கு, அவருக்குத்தான் கார் இருக்கே என்றார் இன்னொருவர். ஆற்றங்கரையில் தங்கள் முன்னோர் அடங்கியிருக்கிற கபுரைப் பற்றி மலாய்க்காரப் பெரியவர் சொன்னார். எல்லாம் நியாயம்தான். ஆனால் எதுவும் துரையின் காதில் ஏறுகிற நியாயமாகத் தெரியவில்லை.

பாயைவிட்டு எழுந்திருக்க மறந்திருந்த நவரட்ணம் மெதுவாகச் சொன்னான்.

“வேற வழி ஒண்டு இருக்கு. பின்னால அந்த லாலான் புல்லுக் காடு. மேட்டு நிலம். அதுக்குள்ளால ரோட்டைக் கொண்டுபோனா வளைவே வராது. ஒரு மரமும் வெட்டத் தேவையில்ல. பட்டாளத்துக்கும் அதுதான் நல்லது, ரெண்டு பக்கமும் வெளியாத் தெரியும். நான் அளந்து பாத்தனான்.”

“அப்புறம் ஏன் இங்க குச்சி நட்டீங்க?” என்றாள் கோமளா.

“இங்கதான் நடச் சொன்னவை.”

“நீங்க ஒண்ணும் சொல்லலியா?”

“ஒருக்காச் சொன்னனான். எங்கட ஒபீஸ் பெரியவர் கேக்கேல்ல. நாளைக்கு டி.ஓ.வுக்கு முன்னால சொல்லுறன்.”

“வேலைக்கு ஆபத்து தம்பி” என்றார் நாகமுத்து.

“ஓம். தெரியும்.”

கூடம் முழுக்க ஒரே சந்தோஷம். மலாய்க்காரப் பெரியவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். தம்புசாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். மரங்கள் பிழைத்துவிட்டன என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

கோமளா ஒருத்திதான் நினைக்கவில்லை. அவள் மடியில் மாறி வந்த தட்டு இருந்தது.

“அப்பா” என்றாள். “நாளைக்கு இவரு பேசும்போது, இவரு யாருன்னு டி.ஓ. கேக்க மாட்டாரா?”

“ஓவர்சியர்னு சொல்லுவாரு.”

“இந்தக் கடைக்காரரோட மாப்பிள்ளைன்னு சார்ஜன் சொல்லுவாரு. கண்ணால பாத்துட்டுப் போயிருக்காரு. மாமனார் கடைக்காக ரோட்ட மாத்துறான்னு சொல்ல மாட்டாங்களா?”

நவரட்ணம் கழுத்துச் சரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

கோமளா எழுந்தாள். அவன் பக்கத்துக்கு மாறிய தட்டில் வெற்றிலை, பாக்கெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“இதக் கொண்டுபோயி ஆத்துல விட்டுடுங்க. எங்களுக்கு ஒத்து வரலன்னு அப்பாவே இன்னிக்கு ஸ்டேசன்ல சொல்லிடுவாரு. நாளைக்கு நீங்க யாரோ, நாங்க யாரோ.”

“கோமளா!” என்றாள் மீனம்மா.

“என்னம்மா? ஊரு நாலு நாளைக்குப் பேசும். பேசட்டும். மரம் நின்னாச் சரின்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னவள் மீனம்மாதான். அதனால் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். மகளைப் பற்றி ஊர் பேசப் போகிற பேச்செல்லாம் அப்போதே அவள் காதில் கேட்டிருக்க வேண்டும்.

நவரட்ணம் தட்டோடு வெளியே போனான். கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தினான். பின் கேரியரில் தட்டை வைத்துக் கட்டக் கயிறு தேடினான். தேடித் தேடிப் பார்த்தான். கயிறு அவன் கண் முன்னால்தான் தொங்கியது.

*

அவன் கிளம்புவதற்குள் வீரப்பனின் லாரி வந்து நின்றது. புது வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வீரப்பன் குதித்து இறங்கினான். அவனுக்குப் பின்னால், கையில் கேசரிப் பொட்டலத்தோடு, சார்ஜன் மாமுட் இறங்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“மாமா, லேட்டாயிருச்சு! விட மாட்டேன்னுட்டானுங்க” என்று கத்தினான் வீரப்பன். “இன்னிக்கு எனக்கு நிச்சயதார்த்தம், தம்புசாமி கடைப் பொண்ணுன்னு சொல்லி மன்றாடுனேன். அப்புறம் பாத்தா சார்ஜனே கூட வர்றேன்னுட்டாரு. நல்ல மனுசன்!”

அந்த மடையனை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

சார்ஜன் வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தார். அதே கூட்டம், அதே விளக்கு. அணைக்கக்கூட இல்லை. பிறகு தம்புசாமியைப் பார்த்தார்.

“தவ்கே. இந்த வீட்ல பொண்ணு ஒண்ணுதான் இருக்கு. மாப்பிள்ளை எத்தன பேரு?”

பின்னாலேயே ஜீப்பில் வந்த கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்கள். எஸ்டேட்டுப் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். இத்தனை குடும்பத்தின் ஆண்களும் இன்றைக்கு லாரி ஏறப் போகிறார்கள் என்று கோமளாவுக்குத் தெரிந்துவிட்டது. ஏற்றப் போவது அவள் சொன்ன யோசனை.

“ஒருத்தன்தான்” என்று ஒரு குரல் கேட்டது.

நவரட்ணம் சைக்கிளைச் சாய்த்து வைத்தான். தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினான். பழக்கமில்லாத கை, இலை ஓரத்தில் கிழிந்தது. பாக்கை வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டான். எல்லாரும் பார்க்க, சார்ஜனின் கண்ணைப் பார்த்தபடி மென்றான். காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பவில்லை. விழுங்கினான்.

மீனம்மா “முருகா” என்றாள். மாப்பிள்ளை வெற்றிலை போட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த தமிழர்களுக்கெல்லாம் தெரியும். சார்ஜனுக்கும் தெரியும்.

“இவன் என் அண்ணன் மகன், சார்ஜன்” என்று வீரப்பனைக் காட்டி மீனம்மாவே பேசினாள். குரலில் நடுக்கமில்லை. “மொறைப் பையன். தனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு வந்துட்டான், பாவம். அவன்கிட்ட சொல்ல எங்களுக்கு மனசு வரல.”

வீரப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாகமுத்து அவன் காலை நன்றாக மிதித்தார்.

சார்ஜன் நவரட்ணத்தை ஏற இறங்கப் பார்த்தார். நம்பினாரா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு வீரப்பனின் தோளில் தட்டி, “வேற பொண்ணு கெடைக்கும்-லா” என்றார். துப்பாக்கிகள் தோளுக்குப் போயின.

ஜீப்பை வரச் சொல்லி ஏறும்போது திரும்பி ஒன்று சொன்னார். “நாளைக்கு டி.ஓ. கூட நானும் வருவேன். ஓவர்சியர் இந்த வீட்டு மாப்பிள்ளைன்னு சொன்னா அவரு ரொம்ப சந்தோஷப்படுவாரு.”

எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். ஆனால் நாளைக்கு மரங்களுக்காகப் பேச இருந்த ஒரே வாய்க்குள்தான் அந்த வெற்றிலை போயிருந்தது.

கோமளா உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வாங்கிக் கொப்பளிக்கப் போனவன், நிறுத்திக்கொண்டு அப்படியே குடித்தான்.

“காரமா இருந்துச்சா?” என்றாள். அழுகையை அடக்க வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“உங்கட காப்பியை விடப் பரவாயில்ல” என்றான் அவன். உதடு காரத்தில் சிவந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த அந்த நிமிடமே அழுகையும் வந்துவிட்டது. முகத்தை மறைக்க மேலே பார்த்தாள். மணி ஐந்து தாண்டியிருக்க வேண்டும். அத்தனை மரங்களிலும் இலைகள் மூடத் தொடங்கியிருந்தன.